மன்னார்குடி பக்கம் கிடைத்த கான்டெஸா: ஒரு வருடம் ஓட்டிய பிறகு

நிஜ ஸ்போர்ட்ஸ் கார் வாங்க வசதி கிடையாது. அந்த ஆசையைத் தீர்த்தது இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கார் கான்டெஸாதான். நீள மூக்கு, பின்சக்கர இழுவை, இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 5 கியர். 2002-லேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

களத்துமேட்டுக் கொட்டகையில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது, 1994 மாடல். பெயின்ட்டைப் பார்த்து மயங்காமல் காலடி விரிப்பைத் தூக்கினேன். டிரைவர் பக்கத் தரைத்தகடு விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. நம்ம ஊர் ஈரம் அப்படி. ஆயில் மூடியைத் திருகிப் பார்த்தேன். உள்ளே வெண்ணெய் மாதிரி எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அப்படியென்றால் ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை; அதைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் பிழைத்தது! சந்தோஷத்தை முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரரான பெரியவர் இரண்டரை லட்சம் சொன்னார்.

“ஐயா, தரைக்கு வெல்டிங்கே 40,000 ஆகும். ஆர்.சி.யும் புதுப்பிக்கணும்.”

“தம்பி, என் பொண்ணு கல்யாணத்துக்கு ஓடுன வண்டி இது.”

அதற்கு என்ன பதில் சொல்வது? டீ வந்தது, பேச்சு சம்பா நடவுக்குப் போனது, அப்புறம் எப்படியோ ஒன்று தொண்ணூறில் முடிந்தது. சாவியோடு ஒரு சிப்பம் பொன்னி அரிசியும் டிக்கியில் ஏற்றினார்.

கும்பகோணம் சாலையில் 60-இல் போனால் கப்பல்தான். லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தாண்டவில்லை. பின்விளக்குக் கண்ணாடிக்கு நான்கு மாதம் அலைந்தேன். பவர் ஸ்டியரிங் இல்லாததால், சன்னதித் தெருவில் திருப்பினால் தோள் இறங்கிவிடும். வண்டி வாங்கிய அன்றே ஏ.சி. போய்விட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன்.