கிளட்ச் கேபிள்: அட்ஜஸ்ட் செய்தால் போதுமா, மாற்றியே ஆக வேண்டுமா?

கேபிளால் இயங்கும் கிளட்ச் உள்ள பழைய மேனுவல் காரில் அது தகராறு செய்தால் மூன்று வழிகள்தான்: இருக்கிற கேபிளையே அட்ஜஸ்ட் செய்யலாம், புது கேபிள் போடலாம், இல்லையென்றால் கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் பிளேட்டையே (இன்ஜின் சுழற்சியை கியர்பாக்ஸுக்குக் கடத்தும் தட்டு) மாற்றலாம். எல்லாரும் முதல் வழியில் ஆரம்பிப்பது சரிதான், ஆனால் கேபிள் இறுக வேண்டுமா தளர வேண்டுமா என்று யோசிக்காமலே பலர் நட்டை இறுக்கிவிடுகிறார்கள், நல்லாயிருந்த பிளேட் கூட அதில்தான் பாழாகிறது.

கோளாறு எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். பெடலைத் தரைவரை மிதித்தும் ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று கத்துகிறதா, முதல் கியர் விழ அடம் பிடிக்கிறதா, காலைக் கொஞ்சம் எடுத்தவுடனே வண்டி நகர்ந்துவிடுகிறதா? அப்படியென்றால் கிளட்ச் முழுசாக விடவில்லை. கேபிள் தளர்ந்திருக்கலாம், இறுக்கிப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானது, பெடல் கிட்டத்தட்ட முழுக்க மேலே வந்த பிறகுதான் கிளட்ச் பிடிக்கும், மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் அலறும், வேகம் ஏறாது. இங்கே இறுக்குவதைப் போல ஒரு தப்பு வேறில்லை. பிளேட் தேயத் தேய, அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விரல்கள் ரிலீஸ் பேரிங்கை (பெடலை மிதிக்கும்போது அந்த விரல்களைத் தள்ளும் பேரிங்) நோக்கி நகர்ந்து வரும், அதனால் பெடலில் இருந்த ஃப்ரீ பிளே, அதாவது எதிர்ப்பில்லாமல் சும்மா இறங்கும் தூரம், தானாகவே குறையும். அது பூஜ்யமான பிறகும் இறுக்கினால் நாம் கால் வைக்காமலே கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டபடி ஓடும், பிளேட்டும் கருகும், பேரிங்கும் ஓயாமல் சுற்றித் தேயும். இந்த நிலையில் கேபிளைக் கொஞ்சம் தளர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

அட்ஜஸ்ட் செய்வதில் உள்ள பெரிய வசதி, ஒரு ஸ்கேலும் இரண்டு ஸ்பேனரும் இருந்தால் போதும். பெடலைக் கையால் அழுத்தி, எதிர்ப்பு தெரிகிற இடம் வரைக்கும் எவ்வளவு சும்மா இறங்குகிறது என்று அளந்து பாருங்கள், பல பழைய கார்களில் இது 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் கேபிள் கியர்பாக்ஸ் ஃபோர்க்கில் (ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் நெம்புகோல்) வந்து சேர்கிற இடத்தில்தான் அட்ஜஸ்ட்டிங் நட் இருக்கும். மண்ணும் துருவும் ஏறிய மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு விடும் எண்ணெயைப் போட்டு ஊறவிடுங்கள், அப்புறம் அட்ஜஸ்ட்டிங் நட்டை நகராமல் பிடித்திருக்கும் லாக் நட்டைத் தளர்த்துங்கள். நட்டைத் திருப்பும்போது மரை உள்ள கம்பி முனையை இன்னொரு கையால் பிளையர் வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பியும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், கம்பியின் புரி (இழை) அறுவது அப்படித்தான் ஆரம்பிக்கும். கொஞ்சம் திருப்பி, பெடலை நாலைந்து தடவை மிதித்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும், ஒரே மூச்சில் திருப்பிவிடக் கூடாது.

சில கார்களில் பெடல் பக்கமே தானாக அட்ஜஸ்ட் செய்துகொள்ளும் பல் சக்கரம் இருக்கும், அதில் ஃப்ரீ பிளேவே இல்லாமல் இருப்பதுதான் முறை. அங்கே கை வைக்காதீர்கள்.

சரி, கேபிளையே எப்போது மாற்றுவது? மரை முடியும் இடம்வரை நட் வந்துவிட்டால் இனி இறுக்க இடமில்லை, பேச்சும் இல்லை. பெடல் கல் மாதிரி கனக்கிறதா, மிதித்தால் கரகரப்பு காலுக்குத் தெரிகிறதா? அட்ஜஸ்ட் செய்து அதைச் சரிசெய்யவே முடியாது, உறைக்குள்ளே கம்பி உராய்கிறது என்று அர்த்தம். எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும், ஆனால் உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிள்களில் எண்ணெய் தூசியைப் பிடித்துப் பசையாக்கி நிலைமையை இன்னும் மோசமாக்கும். பெடல் கொக்கியிலும் ஃபோர்க் முனையிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், ஒரே ஒரு புரி பிரிந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தாலும் நான் மாற்றத்தான் சொல்வேன். நட்டைத் திருப்பி இன்னும் சில மாதம் ஓட்டலாம்தான், ஆனால் அந்தக் கேபிள் அறுவது நெரிசலில் கியர் மாற்றும்போதாகத்தான் இருக்கும். புதுசு போடும்போது பழையது போன வழியிலேயே, சைலன்சர் குழாயில் படாமல், கூர்மையான வளைவு இல்லாமல் கொண்டுபோக வேண்டும். புது கேபிள் சில நாள் ஓடிய பிறகு கொஞ்சம் இணங்கும், அதனால் ஃப்ரீ பிளேவை இன்னொரு தடவை அளந்து பார்ப்பது அவசியம்.

மூன்றாவது வழி செலவும் வேலையும் அதிகம், ஆனால் கேபிளைத் தளர்த்தி சரியான ஃப்ரீ பிளே வைத்த பிறகும் மேட்டில் கிளட்ச் வழுக்கினால் (இன்ஜின் மட்டும் அலறினால்) அதைத் தவிர்க்க முடியாது. உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை: சமதளத்தில், முன்னால் யாரும் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் சட்டென்று நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது, அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்க்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் பிளேட் சூடாகும். கியர்பாக்ஸ் இறங்கும்போது பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கேபிள் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பேரிங்குக்காக மட்டும் மறுபடி அதே வேலையைச் செய்ய யாருக்கும் மனசு வராது.