நாடாவை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டுச் செண்பகக் கன்று வாங்குங்கள்

என் வீட்டு வாசலில் பதினெட்டடி உயரத்தில் ஒரு செண்பக மரம் நிற்கிறது. இதுவரை ஒரு பூ பூத்ததில்லை. மரத்தின் மேல் குற்றமில்லை. விதைக் கன்றை ஒட்டுக் கன்று என்று சொல்லி என் தலையில் கட்டிய நர்சரிக்காரரின் மேல்தான் குற்றம். ஒட்டுக் கன்று என்றால், வேரோடு நிற்கும் ஓர் அடிச்செடியில் பூக்கும் மரத்தின் கிளையை இணைத்துக் கட்டி வளர்த்தது.

எங்கள் ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். மேற்கே மலையடிவாரத்தில் செண்பகத்தோப்பு என்று ஓர் இடமே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு அம்மாவின் பூஜைக்குச் செண்பகப் பூவைக் கடையில் எண்ணி வாங்க வேண்டியிருக்கிறதே என்றுதான், 2019 ஆனி மாதத்தில், மதுரை செல்லும் சாலையோர நர்சரி ஒன்றில் வண்டியை நிறுத்தினேன்.

விதைக் கன்று 60 ரூபாய், ஒட்டு 450. "விதைக் கன்று பூக்க எட்டு, பத்து வருடம் ஆகும் அண்ணாச்சி. ஒட்டு என்றால் இரண்டு, மூன்று வருடத்தில் பூத்துவிடும்" என்றார். இந்தக் கணக்கு உண்மையானது. இன்றைக்கும் அதில் எனக்குச் சண்டையில்லை. கொடுத்த கன்றுதான் பொய்.

முழங்கால் உயரக் கன்று. மண்ணிலிருந்து ஒரு சாண் மேலே தண்டில் பாலிதீன் நாடா இறுக்கிச் சுற்றியிருந்தது. "நாடாவை மட்டும் அவிழ்த்துவிடாதீர்கள், ஒட்டு விட்டுவிடும்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். காப்புக் கட்டிய கையைப் போல அந்தத் தண்டைக் காத்தேன். அடுத்த வருடம் தண்டு பருத்து, நாடா பட்டையைக் கடித்துக்கொண்டு உள்ளே போனது. பயந்துபோய் பிளேடால் அறுத்தெடுத்தேன். அடியில் வளையமாக ஒரு தடம் இருந்தது. அதுதான் ஒட்டுத் தழும்பு என்று நம்பினேன்.

2021இல் பூக்கவில்லை. போய்க் கேட்டேன். சத்து போதவில்லை என்று 'பூக்கும் மருந்து' ஒரு பாக்கெட், 180 ரூபாய். மறு வருடம் தண்ணீர் அதிகமாகிவிட்டதாம், இன்னொரு பாக்கெட். அதற்கடுத்த வருடம் சுவரின் நிழல் ஆகவில்லையாம். கண் பட்டுவிட்டது என்பதை மட்டும்தான் அவர் சொல்லவில்லை.

இதற்கிடையில் அம்மா இரண்டு முறை "மொட்டு வந்துவிட்டது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். செண்பகத்தில் இலைக் குருத்தும் உறை போர்த்திக்கொண்டு மொட்டு மாதிரியேதான் வரும். கிளை நுனியில் இருந்தால் அநேகமாக இலை. பூமொட்டு இலைக்காம்பின் இடுக்கில், கொஞ்சம் தடித்து வரும். இது அப்போது எங்களுக்குத் தெரியாது. இரண்டு முறையும் உறை கழன்று இலைதான் விரிந்தது. இரண்டாவது முறைக்குப் பிறகு அம்மா மரத்தின் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார். 450 ரூபாயைவிட எனக்கு இதுதான் ஆறவில்லை.

போன வருடம் பக்கத்துத் தோப்பில் மாமரங்களுக்கு ஒட்டுக்கட்ட வந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்து காட்டினேன். குனிந்து அடித்தண்டைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இதில் ஒட்டே கட்டவில்லை. சும்மா நாடாவைச் சுற்றியிருக்கிறார்கள்" என்றார். ஒட்டுக்கட்டிய செடியில் அடிச்செடியின் தலையை வெட்டிய கட்டை தெரியும், இல்லாவிட்டால் வெட்டு ஆறிய மேடாவது தெரியும் என்றார். இணைப்புக்கு மேலும் கீழும் பட்டையின் நிறமும் பருமனும் பெரும்பாலும் மாறும். சாய்வாக ஒரு கோடு ஓடும். என் மரத்தில் அடியிலிருந்து நுனிவரை ஒரே பட்டை, கொடிமரம் போல நேர் வளர்ச்சி. நாடா தேவைப்படுவதே ஒட்டுச் சேரும் வரைக்கும்தான். சேர்ந்து துளிர்விட்டு வளரத் தொடங்கிய பிறகு அவிழ்த்துவிட வேண்டும், இல்லையென்றால் தண்டை நெரிக்கும் என்றார்.

மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்டேன். "விதைக் கன்று என்றால் பூக்காதா என்ன? நாளாகும், அவ்வளவுதான். பாதித் தூரம் வந்துவிட்டீர்களே" என்று சிரித்தார்.

பழைய பில்லைத் தேடி எடுத்தேன். 'செண்பகம் – 1, ரூ. 450' என்று மட்டும் இருந்தது. 'ஒட்டு' என்ற சொல்லே இல்லை. நீங்கள் வாங்கினால் அந்தச் சொல்லை எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

பில்லோடு போய் நின்றேன். அவர் கோபப்படவில்லை. "வேலைக்காரப் பையன் மாற்றிக் கொடுத்திருப்பான் அண்ணாச்சி. உங்களுக்காகப் பாதி விலைக்கு நல்ல ஒட்டு ஒன்று தருகிறேன்" என்று ஒரு கன்றை எடுத்து வைத்தார். ஒரு சாண் உயரத்தில் நாடா சுற்றியிருந்தது. கொஞ்சம் அவிழ்த்துக் காட்டுங்கள் என்றேன்.

"ஐயோ, நாடாவை மட்டும் அவிழ்க்கக் கூடாது அண்ணாச்சி" என்றார்.