அத்தையின் மண்டைப் புடைப்பும் ஒரு ஃபைலும்

கோயில் கொடைக்கென்று சிங்கப்பூரிலிருந்து திருநெல்வேலி போனேன். விடுப்பை நீட்டி நீட்டி, பாதி நாள் ஆஸ்பத்திரி வரிசையில்தான் போயிற்று.

அத்தைக்கு உச்சியில் எலுமிச்சை அளவு புடைப்பு. "வலிக்கவே இல்லய்யா, கொழுப்புக் கட்டிதான்" என்று கொண்டையால் மறைத்து வைத்திருந்தார். தொட்டால் மெத்தென்று இருந்தது, நாடி போலத் துடித்தது. ஊர் சர்ஜன் கத்தி வைக்காமல் முதலில் ஊசியால் உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த ரிப்போர்ட்: தைராய்டு செல்கள். கழுத்தில் இருக்க வேண்டியவை மண்டையில்!

பல வருடம் முன்பு கழுத்துக் கட்டிக்காகப் பாதித் தைராய்டை எடுத்திருந்தார்கள், 'சாதாரணக் கட்டி' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஃபாலிக்குலர் என்ற வகைத் தைராய்டு கட்டியில், புற்றுநோயா இல்லையா என்று சொல்லச் செல்லின் தோற்றம் மட்டும் போதாது. கட்டி தன் உறையையோ ரத்தக் குழாயையோ துளைத்திருக்கிறதா என்று தேட வேண்டும். துளைத்திருந்தால் புற்றுநோய், ரத்தம் வழியே நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகலாம். பழைய லேபில் அந்தக் கட்டியின் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்கைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், கேட்டதும் தந்தார்கள். இதற்கு முழு மார்க். சென்னையில் மறுபடி பார்த்தபோது துளைத்திருந்தது தெரிந்தது.

ஸ்கேன் சென்டர்தான் வயிற்றில் புளியைக் கரைத்தது. படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியோடு தயாராக நின்றார்கள். அதில் அயோடின் உண்டு. தைராய்டு செல்கள் அயோடினை இழுத்துக்கொள்ளும்; அதனால் கதிரியக்க அயோடினைக் கொடுத்து அவற்றை அழிப்பதுதான் அடுத்த சிகிச்சை. ஊசியைப் போட்டுவிட்டால் அந்த அயோடினே இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சிகிச்சையை ஒன்றிரண்டு மாதம் தள்ளிப்போட வேண்டும். சென்னை டாக்டர் முன்பே எச்சரித்ததால் தடுத்தோம். ஒரு ஆஸ்பத்திரி எழுதுவதை அடுத்த இடத்தில் யாரும் படிப்பதில்லை. ஃபைலைச் சுமக்கும் உறவினர்தான் அங்கே ஒருங்கிணைப்பாளர்!

மீதித் தைராய்டையும் எடுத்தபின் நாலு வாரம் தைராய்டு ஹார்மோன் மாத்திரை இல்லை. தைராய்டு செல்களைத் தூண்டி அயோடினை இழுக்க வைக்கும் டிஎஸ்ஹெச் ஹார்மோன் 30-க்கு மேல் ஏற வேண்டும். அத்தை சோர்ந்து சுருண்டுவிட்டார். உடம்பில் அயோடின் குறைய வேண்டும் என்று மீன், கருவாடு, பால், முட்டை எல்லாம் கட். அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்கச் சட்டம் இடம் தராது, கடையில் கிடைக்கவில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் கல் உப்பு கொண்டுவந்தார்.

கதிரியக்க அயோடின் கொடுக்கும் வார்டுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். படுக்கைகள் குறைவு, காத்திருப்பு நீளம். உள்ளே கவனிப்பு அருமை. தனியறை, கேமரா, இன்டர்காம். கதிர்வீச்சு அளவு இறங்கிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள். பேரப்பிள்ளைகளைக் கொஞ்ச நாள் கிட்டே விடாதீர்கள் என்றதுதான் அத்தைக்குப் பெரிய வருத்தம்.

டோஸ் கொடுத்தபின் எடுத்த ஸ்கேனில் மண்டையோட்டுக் கட்டி அயோடினை நன்றாக இழுத்திருந்தது. அடுத்த டோஸ் ஆறு மாதம் கழித்து. ஃபைல் இப்போது மச்சான் கையில்.