குரூப்பைப் பூட்டுவதா, பதிவை நீக்குவதா?

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் தண்ணீர் லாரிக் கணக்கில் தொடங்கும் பேச்சு, பத்தாவது மெசேஜில் "நீ என்ன பெரிய இவனா?" என்று வந்து நிற்கும். அட்மின் கையில் இரண்டு வழி உண்டு.

ஒன்று, அட்மின்கள் மட்டுமே எழுதலாம் என்று பூட்டிவிடுவது. 2018-ல் வந்த வசதி. சண்டை அந்த நொடியே அடங்கும். ஆனால் லிஃப்ட் நின்றுவிட்டது என்று சொல்லக்கூட வழியிருக்காது. நாலு நாளில் 'நம்ம குரூப்' என்று இன்னொன்று முளைக்கும். வசவெல்லாம் அங்கே போய்விடும்.

இன்னொன்று, 2022-ல் வந்தது: மற்றவர் எழுதியதையும் அட்மின் எல்லோருக்குமாக நீக்கலாம். பேச்சு தொடரும், வசவு மட்டும் போகும். நீக்கியது எந்த அட்மின் என்பதும் அங்கேயே தெரியும் என்பதுதான் சங்கடம். "அவர் திட்டினப்போ எங்க சார் போனீங்க?" என்று உடனே கேட்பார்கள். அதனால் தன் நண்பர் எழுதியதையும் தயங்காமல் நீக்குகிற ஆள் வேண்டும். (அப்படி ஆள் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.) நீக்கிய கையோடு தனியாக, "அண்ணே, கணக்கைக் கேளுங்க, வீட்டு ஆளுங்களை இழுக்காதீங்க" என்று ஒரு வரி அனுப்பினால் பாதிக் கோபம் இறங்கிவிடும்.

போலீஸ், கேஸ் என்று பயந்து பூட்டுகிறவர்களும் உண்டு. அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அடுத்தவர் பதிவுக்கு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டன.

என் ஓட்டு நீக்குவதற்கே. பூட்டு, ராத்திரி பதினொரு மணிச் சண்டைக்கு மட்டும். காலையில் பால் பாக்கெட் வருவதற்குள் திறந்துவிட வேண்டும்.