ரங்கூன் பைப் என்று காரைக்குடியில் விற்கும் சீசம் கட்டை: முதல் பைப் வாங்குவோர் கவனத்துக்கு

காரைக்குடிக்குப் பழம்பொருள் பார்க்க வருகிறவர்களும், குறைந்த செலவில் புகையிலை பிடிக்கும் பைப், அதுவும் நெருப்பைத் தாங்கும் பிரையர் மரத்தில் செய்த முதல் பைப் தேடுகிறவர்களும் கடைக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். "செட்டியார் வீட்டுச் சாமான், ரங்கூன்ல இருந்து வந்தது, அசல் டன்ஹில்" என்று சொல்லி, புதிதாகக் கடைந்த சீசம் மரப் பைப்புகளை ஒரு வியாபாரி விற்றுக்கொண்டிருக்கிறார். டன்ஹில் என்பது இங்கிலாந்தின் பேர்போன பைப் நிறுவனம். என்னிடம் 4,800 ரூபாய் வாங்கினார். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பொருளின் அடையாளங்களை ஒன்று விடாமல் எழுதுகிறேன். எந்தக் கடையில் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

அந்தக் கதை இந்த ஊரில் நம்பக்கூடிய கதை என்பதுதான் அவருக்கு மூலதனம். நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள். பர்மாத் தேக்கும் சுவீடன் எனாமல் பாத்திரமும் இங்கே வீட்டுக்கு வீடு இருந்த சாமான்கள். வீடுகளைப் பிரித்து விற்கும்போது அவையெல்லாம் கடைத்தெருவுக்கு வருகின்றன. அதில் ஒரு பைப்பும் வந்திருக்கும் என்றால் யாரும் நம்புவார்கள். உண்மையிலேயே வரவும் செய்யும். பள்ளத்தூரில் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் அவருடைய ஐயா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பைப்பை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன்.

வியாபாரி சொன்னது இது: "தம்பி, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீடு பிரிச்சப்ப வந்தது. அந்த வீட்டுப் பெரியவுக ரங்கூன் மொகல் தெருவுல கடை வச்சிருந்தாக. வெள்ளைக்காரத் தொரை கையால கொடுத்தது. இந்த வெள்ளைப் புள்ளியப் பாருங்க, டன்ஹில்லு. வெளிநாட்டுல அம்பதாயிரத்துக்குக் கொறையாது." வாயில் வைக்கும் குழாயான ஸ்டெம்மைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டேன். "எம்பது வருசத்துச் சாமான் தம்பி, திருகினா ஒடஞ்சிரும். வீட்டுக்குக் கொண்டுபோய் எண்ணெய் விட்டு நிதானமாக் கழட்டுங்க. பிடிக்கலைன்னா ஒரு மாசத்துக்குள்ள கொண்டாங்க, பணம் தர்றேன்" என்றார். பில்லும் கொடுத்தார். அந்தப் பில்லுக்குப் பிறகு வருகிறேன்.

வீட்டில் ஸ்டெம் எண்ணெய் இல்லாமலே கழன்றது. உள்ளே பித்தளைக் குழாய் ஒன்றைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் வெள்ளையாக, புதுசாக இருந்தது. பவுலில், அதாவது பைப்பின் கிண்ணத்தில், புகையிலை வைத்துப் பற்றவைத்ததும் அதன் வெளிப்பக்கம் விரல் வைக்க முடியாத சூடு. கொஞ்ச நேரத்தில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. வார்னிஷ் கருகும் நாற்றம், தொண்டையில் எரிச்சல். அத்தோடு நிறுத்திவிட்டேன்.

தேவகோட்டையில் பழைய நிலைக்கதவுகளைச் செப்பனிடும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அடிப்பக்கத்தில் உளியால் லேசாகச் சுரண்டினார். கறுத்த மெருகுக்குக் கீழே பழுப்பும் வெளிறலுமாக மாறி மாறி ஓடும் பட்டைகள், நடுவே ஊசியால் கீறியதுபோல் நீள நீளமான துளைக்கோடுகள். "இது நம்ம ஈட்டிகூட இல்லங்க. வடக்கேயிருந்து வர்ற சீசம். மேல சாயம் பூசி, கோடு வரைஞ்சிருக்காக" என்றார்.

சீசத்தைக் குறைசொல்லவில்லை. உத்தரப்பிரதேசத்துச் சகாரன்பூர் சீசம் கைவேலைக்குப் பேர்போன ஊர். வடக்கே கடையும் சீசம் பைப்புகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அலமாரியில் அழகுக்கு வைக்கலாம். அதை அதன் பெயரைச் சொல்லி, அதன் விலைக்கு விற்றால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நெருப்பை உள்ளே வைத்து வாயால் இழுக்கிற பொருளுக்கு அந்த மரம் பொருந்தாது. சீசம், ஈட்டி வகை மரங்களின் தூள் சிலருக்கு அரிப்பும் மூச்சுத் தொல்லையும் கொடுக்கும் என்பது பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் வார்னிஷையும் பூசிக் கொளுத்தினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரையர் என்பது எரிக்கா ஆர்போரியா என்ற புதர்ச்செடியின் அடிக்கட்டை. தண்டும் வேரும் சேரும் இடத்தில் உருண்டு திரண்டு நிற்கும் முடிச்சு. இத்தாலியின் கலாப்ரியா, கிரீஸ், கோர்சிகா, அல்ஜீரியா என்று மத்தியதரைக் கடலைச் சுற்றிய வறண்ட மலைச்சரிவுகளிலிருந்து வருகிறது. அங்கே காட்டுத்தீ வந்து மேலே இருப்பதெல்லாம் எரிந்துபோனாலும் மண்ணுக்குள் இருக்கும் இந்த முடிச்சிலிருந்து செடி மறுபடி துளிர்க்கும். நெருப்பைத் தாங்கும் குணம் அதற்குப் பிறவியிலேயே இருக்கிறது. பைப் செய்யும் அளவுக்கு முடிச்சு பெருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். வெட்டியெடுத்ததை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து உள்ளிருக்கும் சாற்றை வெளியேற்றி, மாதக்கணக்கில் நிழலில் உலர்த்திய பிறகுதான் கடைசலுக்குப் போகும். பிரான்ஸின் ஜூரா மலையடியில் உள்ள சேன் குளோட் என்ற ஊர் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த வேலைக்குப் பேர்பெற்றது. இவ்வளவு பாடுபட்டு வருகிற மரத்தின் விலையைச் சாயம் பூசிய சீசத்துக்கு வாங்குவதுதான் இங்கே நடக்கும் மோசடி.

மரத்தைக் கண்ணாலேயே ஓரளவு பிரித்தறியலாம். பிரையரில் ஒரு பக்கம் கோடுகள் நெருக்கமாக எழுந்து நின்றால், அதற்குக் குறுக்கான பக்கத்தில் அதே கோடுகளின் முனைகள் சின்னச் சின்ன வட்டங்களாகத் தெரியும். பைப் பிடிப்பவர்கள் இதைப் பறவைக்கண் என்பார்கள். பவுலைச் சுற்றித் திருப்பும்போது கோடு கண்ணாக மாறுவதும் கண் மறுபடி கோடாவதும் மரத்துக்குள்ளேயே நடப்பதால் வரைந்து ஏமாற்றுவது கடினம். எனக்கு விற்றதில் நாலு பக்கமும் ஒரே மாதிரி அலைக்கோடு. பவுலின் விளிம்பில் வந்ததும் கோடு அப்படியே நின்றுபோனது. விளிம்பின் மேல்பரப்பில் எதுவும் இல்லை. நல்ல வெயிலில் விளிம்பைப் பாருங்கள், அது ஒன்றே போதும்.

துளை இதைவிட முக்கியம். அசல் பிரையராகவே இருந்தாலும் துளை பிசகினால் அந்தப் பைப் உதவாது. ஸ்டெம்மிலிருந்து வரும் புகைத்துளை பவுலின் அடியில், தரையைத் தொட்டபடி, நடுவில் திறக்கவேண்டும். மேலே திறந்தால் அடியில் இருக்கும் புகையிலை எரியாமல் ஈரமாகத் தங்கும், இழுக்கும்போது குளுகுளுவென்று சத்தம் வரும், கசப்பு நீர் நாக்குக்கு வரும். என்னுடையதில் துளை தரையிலிருந்து அரை விரற்கடை உயரத்தில், ஒரு ஓரமாக இருந்தது. சோதிக்க ஒரு பைப் கிளீனர் போதும். அது பஞ்சு சுற்றிய மெல்லிய கம்பிதான், விலை அற்பம். பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெம்மைக் கழற்றாமல் வாய்ப்பக்கம் நுழைத்தால் தடையில்லாமல் பவுலின் அடிக்கு வந்து எட்டிப்பார்க்க வேண்டும். ஆறிய பைப்பின் ஸ்டெம்மைத் திருகிக் கழற்றுவதால் நல்ல பைப்புக்கு ஒன்றும் ஆகாது. சூடாக இருக்கும்போது கழற்றினால்தான் காம்பு, அதாவது ஸ்டெம் செருகும் மரக்கழுத்து, விரிசல் விடும். பழைய பைப் சில நேரம் இறுகியிருக்கும் என்பது உண்மை. அப்படியானால் கடைக்காரரே கழற்றிக் காட்டட்டும். அதற்கும் சம்மதிக்காதவரிடம் பணத்தை எடுக்காதீர்கள்.

டன்ஹில் என்று சொன்னதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். டன்ஹில்லின் வெள்ளைப் புள்ளி ஸ்டெம்மில் குழிதோண்டிப் பதித்தது. எனக்கு விற்றதில் பெயிண்ட், நகத்தால் கீறியதும் வந்துவிட்டது. அசலில் காம்பின்மேல் நிறுவனப் பெயரும் இங்கிலாந்தில் செய்தது என்ற எழுத்தும் ஆண்டைக் குறிக்கும் எண்களும் மரத்தில் அழுத்தி முத்திரையிடப்பட்டிருக்கும். இதில் வெறும் மெருகு. அந்தக் காலத்து ஸ்டெம் எபனைட் என்ற கெட்டி ரப்பரில் கடைந்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுப்பும் பச்சையுமாக நிறம் மாறும், தேய்த்தால் கந்தக வாடை வரும். 80 வருடம் இந்த வெயிலில் கிடந்த எபனைட் புதுச் செருப்புபோலப் பளபளக்காது. யாராவது மெருகேற்றியிருக்கலாம், ஆனால் கந்தக வாடை போகாது. எனக்கு விற்றது சாதாரணப் பிளாஸ்டிக். இரண்டு விளிம்பிலும் அச்சு வார்த்த கோடு தெரிந்தது. காம்பின் முனையில் ஒரு பித்தளை வளையம் வேறு. அதை ஆசாரி நெம்பி எடுத்தபோது கீழே ஒரு விரிசல்.

எனக்கு ஆறாதது 4,800 ரூபாய் மட்டுமல்ல. 1942-இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது கடையையும் கணக்கையும் போட்டுவிட்டுக் காட்டுவழி நடந்தே ஊர் வந்தவர்கள் இந்த வட்டாரத்துக் குடும்பங்களில் இருந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த நாலு சாமான் இன்றைக்குத் தெருவுக்கு வருவதே வருத்தம். வராத சாமானுக்கும் அவர்கள் பெயரை ஒட்டி விற்பது எவ்வளவு பெரிய அநியாயம்! அதே தெருவில் "இது மறுபதிப்பு, பழசு இல்லீங்க" என்று கேட்காமலே சொல்லும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். கெட்டபெயர் அவர்களுக்கும் சேர்ந்துதான் வருகிறது.

அந்தப் பணத்துக்கு என்ன வாங்கியிருக்கலாம் என்றும் சொல்லவேண்டும். முதல் பைப்புக்குப் பழம்பொருள் கடைப் பக்கமே போகவேண்டாம். அசல் பழசாக இருந்தாலும் உள்ளே கரி ஏறி, முன்னவர் பிடித்த புகையிலையின் வாடை ஊறிக் கிடக்கும். சுரண்டிச் சுத்தம் செய்யத் தெரிந்தவர்களுக்குத்தான் அது சரி. பிடித்துப் பார்க்க மட்டும் என்றால் மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டில் செய்த பைப் போதும். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து வாஷிங்டன் என்ற சிறு ஊரில் 1869-இலிருந்து இதைச் செய்கிறார்கள். நிறுவனத்துக்கு மிசௌரி மீர்ஷாம் என்று பெயர். பிரையர்தான் வேண்டும் என்றால் பெயர் தெரிந்த தொழிற்சாலையின் அடிமட்ட ரகத்தைப் புதிதாக வாங்குங்கள். அதில் மரத்தின் சின்னக் குழிகளை மக்கு வைத்து அடைத்திருப்பார்கள். அது மோசடி இல்லை, குறைந்த விலைக்கு அதுவே காரணம். புகைக்கும்போது பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது. மேற்பரப்பைக் கரடுமுரடாகச் செதுக்கிய பைப்புகள் வழவழப்பானவற்றைவிட மலிவாகக் கிடைக்கும், புகைப்பதில் ஒரு குறையும் இருக்காது. நேரான தண்டு, நடுத்தரப் பவுல், வாய் அகலம் 18 முதல் 20 மில்லிமீட்டர், சுவர் தடிமனாக. கெட்டியான பளபளப்புப் பூச்சு வேண்டாம். 9 மில்லிமீட்டர் ஃபில்டர் போடும் பைப் வாங்கினால் அந்த ஃபில்டர் இங்கே தொடர்ந்து கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பைப் புகையை உள்ளே இழுக்காமல் வாயோடு விட்டாலும் வாய்ப்புற்று, தொண்டைப்புற்று ஆபத்து உண்டு. பிடிக்காதவர்கள் தொடங்கவேண்டாம். ஏற்கெனவே வாங்குவதென்று முடிவு செய்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இனி அந்தப் பில். ஒரு மாதம் முடியும் முன்பே பைப்பைத் திருப்பிக் கொண்டுபோனேன். "பத்த வச்சிட்டீங்களே தம்பி, இனி எப்புடி எடுக்கிறது?" என்றார். பிரையர் என்று சொன்னீர்களே என்றதும், "பில்லுல என்ன போட்டிருக்குன்னு படிங்க" என்றார். மர அலங்காரப் பொருள், எண்ணிக்கை 1. பிரையர் என்றோ டன்ஹில் என்றோ பழையது என்றோ ஒரு எழுத்து இல்லை. வாயால் சொன்னது ஒன்று, தாளில் எழுதியது ஒன்று. பாதிப் பணத்துக்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொன்னார். மறுத்துவிட்டேன்.

ஆகவே எந்தக் கடையானாலும் "பிரையர் மரப் பைப், இன்ன நிறுவனம், இன்ன காலம்" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதக் கை தயங்கினால் பைப்பை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் நான் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்து சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்கவேண்டும். அந்தக் கடை மேசையில் இதே அச்சில் இன்னும் ஏழெட்டுப் பைப்புகள் கிடந்தன, எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளி, எல்லாவற்றிலும் பித்தளை வளையம். இதற்குள் யாராவது ஒன்றை வாங்கியிருந்தால் பற்றவைக்காதீர்கள். பில்லையும் பைப்பையும் பத்திரமாக வையுங்கள், ஸ்டெம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் பசையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் சேர்ந்து புகார் கொடுத்தால், "பில்லைப் படிங்க" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திருப்பி அனுப்ப அவரால் முடியாது.