‘பீர் கல்’ வாங்குகிறீர்களா? ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள்

நெருப்பில் சுட்ட கல்லை வோர்ட்டில், அதாவது பீராகப் புளிக்கவைக்கும் முன் மால்ட்டிலிருந்து (முளைகட்டி உலர்த்திய தானியம்) எடுக்கும் இனிப்புச் சாற்றில், போட்டுக் கொதிக்கவைத்து பீர் செய்யும் பழைய ஸ்டைன்பியர் முறையை வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதற்கென்றே கற்களைப் பெட்டியில் அடைத்து ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கி ஏமாந்தவன் நான்.

‘கிரேவாக்கே பாறை, சூளையில் சுட்டுச் சோதித்தது’ என்பது விளம்பரம். கிரேவாக்கே என்பது ஒரு வகைக் கடினமான மணற்பாறை. ஜெர்மனியில் 1980-களில் இந்த முறைக்கு மறுபடி உயிர் கொடுத்த ஆலை பயன்படுத்தியது அந்தப் பாறையைத்தான். விற்பவருக்கு அந்தப் பெயர் மட்டும் தெரிந்திருக்கிறது. வந்து சேர்ந்தவை வழவழவென்ற கூழாங்கற்கள். நெருப்பைப் பார்த்த சுவடே இல்லை. கேட்டதற்கு, ‘மெஷினில் பாலிஷ் செய்தது, அதே கல்தான்’ என்று பதில் வந்தது.

விறகு நன்றாகக் கனன்றதும் ஒரு கல் பட்டென்று வெடித்தது. ஆற்றுக் கல்லின் நுண்விரிசல்களில் தங்கிய ஈரம் நீராவியாகி வெளியேற வழியில்லாமல் செய்யும் வேலை இது. நல்லவேளை, தள்ளி நின்றிருந்தேன். சில்லு வேலிப் பலகையில் போய்க் குத்தியது.

வெடிக்காதவை செய்ததுதான் பெரிய கூத்து. இடுக்கியால் எடுத்து வோர்ட்டில் இறக்கியதும் சீறிக்கொண்டு கொதித்தது. அதுவரை சரி. கல்லின் மேல் சர்க்கரை கருகி கேரமலாகப் படிய வேண்டும், இந்த பீருக்கு ருசியே அதில்தான். ஆனால் என் கல்லில் வெள்ளையாக மாவு உதிர்ந்தது. வோர்ட் கலங்கி, நாக்கில் வைத்தால் சோப்புத் தண்ணீர் போல இருந்தது. பிஎச் (புளிப்புத்தன்மையின் அளவு) 5 சொச்சம் இருக்க வேண்டிய இடத்தில், சோதனைத் தாள் காரத்தைக் காட்டும் நீலத்துக்குப் போனது. சுடாமல் மிச்சமிருந்த கல்லில் வினிகர் விட்டேன், நுரைத்தது. சுண்ணாம்புக்கல்! 900 டிகிரிவாக்கில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வோர்ட்டில் போட்டால் அங்கேயே நீறும். மால்ட், ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) எல்லாவற்றையும் அப்படியே கீழே கொட்டினேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ‘சூடாக்கிய கல்லை திரும்ப எடுப்பதில்லை’ என்கிறார்கள். அடுப்பில் வைத்த சட்டிக்கு வாரண்டி கிடையாது என்பது மாதிரி.

வாங்குபவர்கள் பாறையின் பெயரையும் எந்தக் குவாரியில் வெட்டியது என்பதையும் எழுத்தில் கேளுங்கள். உருண்டையாக, வழவழப்பாக வந்தால் பிரிக்காமலே திருப்பி அனுப்புங்கள். சௌனா (சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் நீராவிக் குளியல்) அடுப்புக்கு விற்கும் ஆலிவின் டயபேஸ் என்ற பாறை சூடேறவும் தண்ணீர் படவும் தாங்குகிற கல். ஆனால் எந்தக் கல்லானாலும் முதலில் தனியாக, மெதுவாகச் சூடேற்றிப் பாருங்கள். அப்போது கிட்டே யாரும் நிற்கக் கூடாது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் நீங்களும்தான்.

நான் எழுதிய விமர்சனத்தை நீக்கிவிட்டார்கள். அப்புறம் அதே கற்கள் வேறு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கின்றன. படத்தில் செக்கச்செவேலென்று தணல். கீழே பொடி எழுத்தில் ‘அலங்காரத்துக்கு மட்டும்’.