4 டெராபைட் டிஸ்கும் சொந்த இயங்குதளமும்: எம்பிஆரா, ஜிபிடியா?

ஓய்வு நேரங்களில் நான் எழுதிவரும் சிறு இயங்குதளம் நெடுங்காலம் 80 ஜிபி பழைய டிஸ்க் ஒன்றிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கணினியில் 4 டெராபைட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தியபோது, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதன் கொள்ளளவை 1.8 டெராபைட் என்று காட்டியது. காரணம் விரைவிலேயே பிடிபட்டது. அந்த டிஸ்கில் 7,81,40,37,168 செக்டர்கள் (512 பைட் கொண்ட துண்டுகள்) உள்ளன; டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் விவரத்தில் இந்த எண் 100 முதல் 103 வரையிலான நான்கு 16 பிட் இடங்களில் வருகிறது; நான் முதல் இரண்டை மட்டும் படித்திருந்தேன். 32 பிட்டில் அடங்கும் 4,29,49,67,296 போக எஞ்சியதுதான் அந்த 1.8 டெராபைட். 3 டெராபைட் டிஸ்குகள் வந்த புதிதில் சில கணினிகளில் அவை 801 ஜிபியாகத் தெரிந்ததும் இதே கணக்கினால்தான்.

டிஸ்கோடு பேசும் முறையில் பெரிய தேர்வு எதுவும் இல்லை. 28 பிட் முகவரி காலத்து 137 ஜிபி எல்லையை 2002இல் வந்த ஏடிஏ-6 என்ற டிஸ்க் இணைப்புத் தரநிலையின் 48 பிட் முகவரி கடந்துவிட்டது. அதைப் பின்பற்றினால் போதும். தேர்வு செய்ய வேண்டியிருந்தது பார்ட்டிஷன் அட்டவணையை, அதாவது டிஸ்க் எந்தெந்தப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பட்டியலை. பழைய எம்பிஆர் வடிவத்தையே நீட்டித்துக்கொள்வதா, புதிய ஜிபிடி வடிவத்துக்கு மாறுவதா? (அரட்டை அடிக்கும் ஜிபிடிக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு ஜிபிடியில் நிலைகொண்டவன் என்பதால், இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

எம்பிஆரின் கவர்ச்சி அதன் எளிமை. முதல் செக்டரின் 446ஆம் பைட்டில் தொடங்கி, 16 பைட் வீதம் நான்கு பதிவுகள். இறுதியில் 55 ஏஏ என்ற இரண்டு பைட் முத்திரை. படிப்பதற்கு முப்பது வரி நிரல் போதும். தொடக்க செக்டரும் நீளமும் தலா 32 பிட் என்பதால் 512 பைட் செக்டரில் எல்லை 2.2 டெராபைட் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இதில் ஒரு குறுக்குவழி உண்டு. தொடக்கம் 32 பிட்டுக்குள் இருந்தால் போதும், நீளம் 32 பிட்டுக்குள் இருந்தால் போதும். இரண்டின் கூட்டுத்தொகை அதற்குள் அடங்க வேண்டும் என்று அட்டவணை கேட்பதில்லை. ஆகவே இரண்டாவது பார்ட்டிஷனை எல்லைக்குச் சற்று முன்பாக, 4,29,49,65,248ஆம் செக்டரில் தொடங்கி டிஸ்கின் கடைசி வரை நீட்டினால், எம்பிஆரிலேயே 4 டெராபைட்டும் கைக்கு வந்துவிடுகிறது. ஜிபிடி எழுத வேண்டிய வேலை மிச்சம் என்று எண்ணி முதலில் இதைத்தான் செய்தேன்.

என் இயங்குதளத்திலேயே அந்தப் பார்ட்டிஷனை பார்மேட் செய்து, சில கோப்புகளை நகலெடுத்து, திரும்பப் படித்துச் சரிபார்த்தேன். ஒரு பைட் கூட மாறவில்லை. மறுமுறை கணினியை இயக்கியபோது பார்ட்டிஷன்கள் இரண்டுமே இல்லை. முதல் செக்டரை ஹெக்ஸில் (பதினாறடிமான எண்களாக) விரித்துப் பார்த்தால், 55 ஏஏ இருக்க வேண்டிய இடத்தில் என் பைல் சிஸ்டத்தின் (கோப்புகளை டிஸ்கில் அடுக்கும் முறை) தரவு கிடந்தது.

பார்ட்டிஷனின் தொடக்கத்தோடு கோப்பின் செக்டர் எண்ணைக் கூட்டும் ஒரே ஒரு வரியில் 32 பிட் மாறி எஞ்சியிருந்தது. தொடக்கத்தோடு 2,048ஐக் கூட்டினால் சரியாக 32 பிட் நிரம்பி, பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மானியைப் போல எண் மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடுகிறது. அதாவது இரண்டாவது பார்ட்டிஷனில் 1 எம்பி தாண்டி எழுதிய ஒவ்வொன்றும் டிஸ்கின் தலைமாட்டில் போய் விழுந்திருக்கிறது. சி மொழியில் குறியற்ற எண் இப்படித் திரும்புவது முறையான நடத்தையே; கம்பைலர் வாய் திறக்காது. என் சோதனை தேறியதற்கும் காரணம் இதுதான்: எழுதும்போது எந்தத் தவறான இடத்துக்குப் போனதோ, படிக்கும்போதும் அதே தவறான இடத்துக்குத்தான் போனது. எழுதியதை அதே நிரலால் படித்து ஒப்பிடும் எந்தச் சோதனையிலும் இந்தப் பிழை சிக்காது.

ஜிபிடி பக்கம் என்னைத் தள்ளியது இந்த ஒரு காரணம்தான். அதில் எண்கள் 64 பிட் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 64 பிட் அட்டவணையைப் படித்துவிட்டு 32 பிட் மாறியில் போட்டுக்கொள்ளும் கெர்னலை அது மட்டும் காப்பாற்றாது. எனக்கு உதவியது அதன் தலைப்பின் (அட்டவணையை விவரிக்கும் செக்டர்) நகல். முதன்மைத் தலைப்பு 1ஆம் செக்டரிலும் அதன் நகல் டிஸ்கின் கடைசிச் செக்டரிலும் இருக்கின்றன; இரண்டுக்கும் தனித்தனி சிஆர்சி32 சரிபார்ப்பு எண் உண்டு. எனவே டிஸ்கைத் திறக்கும்போதே என் கெர்னல் 7,81,40,37,167ஆம் செக்டரைப் படித்து, அங்கே தலைப்பின் எட்டெழுத்து முத்திரை இருக்கிறதா, சிஆர்சி பொருந்துகிறதா என்று பார்க்கிறது. டிரைவரில் (டிஸ்கோடு பேசும் நிரல்) எங்கேனும் எண் வெட்டுப்பட்டால் 3,51,90,69,871ஆம் செக்டரிலுள்ள ஏதோ ஒன்று வந்து நிற்கும், முத்திரை பொருந்தாது; அப்போது கெர்னல் டிஸ்கைப் படிப்பதற்கு மட்டுமே திறந்து, எழுதுவதை மறுத்துவிடுகிறது. அந்த நகலை என் கெர்னல் எழுதவில்லை, லினக்ஸ் எழுதியது என்பதால் ஒரே தவறு இருபுறமும் நிகழ்ந்து ஒன்றையொன்று மறைக்கவும் வழியில்லை. பார்ட்டிஷன் தொடக்கத்தைக் கூட்டும் வரியை இது நேரடியாகச் சோதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தொடக்கமும் முடிவும் 64 பிட்டாக வரும்போது, அவற்றை 32 பிட் மாறியில் திணிக்கும் இடங்களைக் கம்பைலரின் எச்சரிக்கைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகப் பிடிக்க முடிகிறது. எம்பிஆரில் அந்த எண்கள் 32 பிட்டாகவே வருவதால், எச்சரிக்கைக்கே இடமில்லை.

இதற்கான விலை இல்லாமல் இல்லை. தலைப்பின் சிஆர்சியைக் கணக்கிடும்போது அந்தச் சிஆர்சி இருக்கும் நான்கு பைட்டைச் சுழியமாக்கிக்கொள்ள வேண்டும். இதை மறந்து நான் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன். பார்ட்டிஷன் வகையைக் குறிக்கும் 16 பைட் அடையாளத்தின் முதல் மூன்று பகுதிகளில் பைட் வரிசை ஒரு விதம், மீதியில் வேறு விதம். ஒரு பதிவு 128 பைட் என்று நிரலில் பொறித்துவிடாமல், தலைப்பிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். பழைய பயாஸில் (கணினியை முதலில் எழுப்பும் நிரல்) பூட் செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை: எம்பிஆர் டிஸ்கில் முதல் பார்ட்டிஷனுக்கு முன்னிருந்த காலி இடத்தில்தான் பூட்லோடரின் (இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) இரண்டாம் பாகத்தை ஒளித்து வைப்பது வழக்கம், ஜிபிடியில் அங்கே அட்டவணை வந்து உட்கார்ந்துவிடுவதால், அதற்கென்று சிறு பார்ட்டிஷன் ஒன்றை ஒதுக்க வேண்டியிருக்கிறது.

எம்பிஆர் குறுக்குவழியைப் பிழையின்றி எழுதிவிட்டாலும் அந்த டிஸ்க் வெளியே செல்லுபடியாகாது. எம்பிஆர் டிஸ்கில் எல்லைக்கு மேலுள்ள இடத்தை விண்டோஸ் பயன்படுத்த விடுவதில்லை. 4,096 பைட் செக்டர் கொண்ட டிஸ்கில் எம்பிஆரின் எல்லை 17.6 டெராபைட்டாக உயர்வது உண்மை. அத்தகைய டிஸ்கை நான் எமுலேட்டரில் மட்டுமே ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அங்கே என் நிரல் பிழையின்றி ஓடியது. ஆனால் சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் டிஸ்கையே 4,096 என்று வெளியே காட்டி இந்த வசதியைத் தருகின்றன. டிஸ்கைப் பெட்டியிலிருந்து கழற்றி நேரே பொருத்தினால் அட்டவணையிலுள்ள ஒவ்வொரு எண்ணும் பொருளிழந்துவிடும்.

பைல் சிஸ்டம் தனிக் கதை. ஃபேட்32இன் செக்டர் எண்ணிக்கையும் 32 பிட்தான், கோப்பும் 4 ஜிபியைத் தாண்டாது. 4 கேபி பிளாக் கொண்ட எக்ஸ்ட்2 16 டெராபைட் வரை தாங்கும் என்பதால் அதில் நின்றுவிட்டேன்.

எம்பிஆரைப் படிக்கும் முப்பது வரியை நான் நீக்கவில்லை. பென் டிரைவுகளுக்கும் அந்த 80 ஜிபி டிஸ்குக்கும் அது வேண்டியிருக்கிறது. கூட்டுத்தொகை 32 பிட்டைத் தாண்டும் பதிவைக் கண்டால் மட்டும், அது இப்போது அந்தப் பார்ட்டிஷனைத் திறக்க மறுத்துவிடுகிறது. ஜிபிடியை என் கெர்னல் படிக்கும், எழுதாது. சேதமான அட்டவணையைப் பழுதுபார்க்க வேண்டுமானால் டிஸ்கைக் கழற்றி லினக்ஸ் கணினியில் மாட்டுகிறேன்.